மத்தியாசுக்கு ஒரு தலைதொட்டப்பன்

மணவாளக்குறிச்சி மணல் கம்பெனியைத் தாண்டி, கடலைப் பார்த்து இருக்கும் ஊர் அது. அங்கே யார் வீட்டில் என்ன கஷ்டம் என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவர் மத்தியாஸ். கையில் எதுவும் கொண்டுபோக மாட்டார். ஒரே ஒரு வாக்கியத்தைக் கொண்டுபோவார்.

“ஒண்ணும் கலங்காதீங்க. இதுல ஆண்டவருக்க திட்டம் ஒண்ணு இருக்கு.”

மஸ்கட்டில் ஒரு கிடங்கில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலையில் பாதி வயதைக் கழித்துவிட்டுத் திரும்பி வந்தவர் அவர். வந்த புதிதில் கேரளத்தில் ஒரு தியானத்துக்குப் போனார். ஒவ்வொரு மனிதனையும் கடவுள் ஒரு காரியத்துக்காகப் படைத்திருக்கிறார், அது எது என்று தேடிக் கண்டுபிடியுங்கள் என்று அங்கே பிரசங்கம் வைத்தவர் சொன்னார். கூடப் போனவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். மத்தியாசுக்கு மட்டும், திரும்பி வரும் பஸ் களியக்காவிளை தாண்டுமுன்னே கிடைத்துவிட்டது. மற்றவர்களுக்குக் கடவுள் போட்டு வைத்திருக்கும் திட்டத்தை அவர்களிடம் எடுத்துச் சொல்லத்தான் தன்னைப் படைத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு அவர் ஒருவரையும் விடவில்லை. பிளஸ் டூவில் தோற்ற பிள்ளையின் வீட்டில் திட்டம் இருந்தது. நிச்சயம் முடிந்து நின்றுபோன கல்யாணத்திலும் இருந்தது. பஸ்ஸில் அடிபட்ட ஆட்டின் பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தி அழுதபோது அவளிடமும் சொன்னார். அவள் மூக்கைச் சிந்திவிட்டு, “முந்தியே ஆட்டுக்கிட்ட சொல்லியிருந்தா அது ரோட்டுக்கு வந்திருக்காதே அண்ணே” என்றாள். மத்தியாஸ் அதை விசுவாசக் குறைவு என்று எடுத்துக்கொண்டார். அவர் வீட்டு மோட்டார் எரிந்துபோனபோது மட்டும் அது ஒயரிங் செய்தவனுடைய தப்பு.

செல்வதாசிடம்தான் அந்த வாக்கியம் முட்டிக்கொண்டது. செல்வதாஸ் அவரைவிட மூத்தவர், கடல்தொழில். ஒரு ஆடி மாத விடியலில் அவருடைய வள்ளம், கடலரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுப் பாறையில் அடித்துப் பிளந்துவிட்டது. ஆள் நீந்திக் கரையேறிவிட்டார். எஞ்சினையாவது கடல் கொண்டுபோகாமல் மேலே ஏற்றிவிடலாம் என்று ஒற்றையாய் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். காலைப் பூசைக்கு வெள்ளை வேட்டி கட்டிப் புறப்பட்ட மத்தியாஸ் அங்கே போய் நின்றார்.

“தாசண்ணே, கலங்காதீரும். இதுல ஆண்டவருக்க திட்டம்...”

“இருக்கும்லே. அந்தத் திட்டத்துல, எஞ்சினுக்க மறுபக்கம் மத்தியாசு பிடிக்கணும்னும் இருக்கும். வந்து பிடி.”

மத்தியாஸ் குனிந்து தன் வேட்டியைப் பார்த்தார். கோயிலில் இரண்டாம் மணி அடித்தது. “பூசை முடிஞ்ச கையோட வாறேன்” என்றார். வரவும் செய்தார். அப்போது எஞ்சின் மேட்டில் இருந்தது. செல்வதாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர், பிறகு அவரோடு பேசவில்லை.

இதெல்லாம் பழைய கதை. இப்போது மத்தியாசுக்கு ஒரு பேத்தி பிறந்திருக்கிறாள்.

மகன் லிஜினும் மஸ்கட்டில்தான். மருமகள் சிந்தியா பிரசவத்துக்கு ஊருக்கு வந்து, பெண் குழந்தையைப் பெற்றாள். வீட்டில் எல்லாருக்கும் அது வாவை. வாவை தும்மினால் மீன் சந்தைவரை சேதி போயிற்று. அவள் கொட்டாவி விடுவதை மத்தியாஸ் போனில் படம் பிடித்து வைத்திருந்தார். அதைப் பார்க்காமல் அந்த வீட்டு வாசலைக் கடந்துபோக யாராலும் முடியவில்லை. பால்காரர் மட்டும் பாலை மதிலில் வைத்துவிட்டு ஓடப் பழகிக்கொண்டார். இரவு பிள்ளை அழுதால் பெற்றவளுக்கு முன்னால் இவர் எழுந்துவிடுவார். எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல் கதவுக்கு வெளியே நின்று, “என்னவாம், என்னவாம்?” என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. தலைப்பிள்ளைக்கு ஞானஸ்நானத்தின்போது ஞானத்தகப்பனாக நிற்கிறவர் அப்பாவைப் பெற்றவர்தான். தலைதொட்டப்பன் என்பார்கள். தொட்டியருகே பிள்ளையைக் கையில் ஏந்தி நிற்பது அவர் உரிமை. அவர் இல்லாவிட்டாலோ, அவருக்குத் தகுதி இல்லாவிட்டாலோ அது அம்மாவைப் பெற்றவருக்குப் போகும். சிந்தியாவின் அப்பா மரியஜான் கோட்டாற்றில் தையல்கடை வைத்திருப்பவர், சாதுவான மனிதர். ஆனாலும் பேத்தியைப் பார்க்க வரும்போதெல்லாம் அவர், “சம்பந்திக்கு உடம்பு ஒண்ணும் இல்லியே?” என்று விசாரிப்பது மத்தியாசுக்குப் பிடிக்கவில்லை.

லிஜின் விடுப்பில் வந்தான். மனைவிக்கும் பிள்ளைக்கும் விசா வந்துவிட்டது. புறப்படுமுன் ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும். அப்பாவும் மகனும் பங்குச் சாமியார் பெனினைப் பார்க்கப் போனார்கள். வயதில் சின்னவர், ஊருக்குப் புதியவர். ஞாயிறு குறித்தாயிற்று.

“தலைதொட்டப்பன் யாரு? ஐயாதானா? நல்லது. ஆயர் கையால எண்ணெ பூசி உறுதிபூசுதல் வாங்கினவங்கதான் நிக்க முடியும். நீங்க வாங்கியிருப்பீங்கல்லா?”

“என்ன ஃபாதர் இப்படிக் கேட்டுட்டீங்க” என்றார் மத்தியாஸ். சும்மா ‘வாங்கியிருக்கேன்’ என்று சொல்லியிருந்தால் காரியம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கேட்கப் புதிதாக ஒரு ஆள் கிடைத்திருக்கிறார். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அந்த நாளு இப்பவும் எனக்கு நல்ல ஓர்ம இருக்கு ஃபாதர். ஊருல மீனில்லாம ரெண்டு மாசமா பட்டினி. அன்னைக்குன்னு பாத்து உறுதிபூசுதல் குடுக்க ஆயரு வந்திருக்காரு. கோயில்ல மணி அடிக்குது, கரையில ‘சாளை, சாளை’ன்னு ஒரே விளி. கரைமடி வலை வளைச்சாச்சு, கயிறிழுக்க ஆளு பத்தல்ல. எங்கப்பா எனக்க பிடறியப் பிடிச்சு, ‘வாலே’ன்னு இழுத்துட்டுப் போனாரு. உச்சிவரைக்கும் இழுத்தோம் ஃபாதர். கை ரெண்டும் தோலுரிஞ்சு போச்சு. மடி நிறைய சாளை. கோயிலுக்குள்ள ஆயரு பூசிட்டிருக்காரு, வெளிய ஆண்டவரு அள்ளிக் குடுத்துட்டிருக்காரு.”

கடைசி வரிக்குப் பிறகு சற்று நிறுத்துவது அவர் வழக்கம். கேட்கிறவர்கள் அந்த இடத்தில் உச்சுக்கொட்டுவார்கள். நாற்பது வருடத்துக்கு மேலாக, எத்தனையோ ஜெபக் கூட்டங்களில், அப்படித்தான் நடந்திருக்கிறது.

பெனின் சாமியார் உச்சுக்கொட்டவில்லை. கன்னத்தில் கைவைத்து யோசித்தார்.

“ஐயா, நீங்க உச்சிவரைக்கும் கயிறிழுத்தீங்க. ஆயரு கோயிலுக்குள்ள பூசிட்டிருந்தாரு. அப்போ உங்களுக்கு எப்போ பூசினாரு?”

மத்தியாஸ் நெற்றியைத் தடவிப் பார்த்தார். புதுச்சட்டை, மெழுகுவர்த்தி, கழுத்தில் மாலை எல்லாம் நினைவிருந்தது. அதைச் சொல்லவும் செய்தார்.

“அது சின்னதுல முதல் நற்கருணை வாங்கின புதுநன்மைல்லா அப்பா” என்றான் லிஜின், மெதுவாக. “ஆல்பத்துல இருக்கே.”

அடுத்த தடவை ஆயர் வந்தபோது அவர் கொச்சியில் வேலைக்கு நின்றிருந்தார். அதற்கடுத்த தடவை மஸ்கட்டில். கல்யாணத்துக்கு முன் பழைய சாமியார் கேட்டபோது இதே சாளைக் கதையைத்தான் சொல்லியிருந்தார். அந்தச் சாமியாருக்கு மீன் என்றால் உயிர். கதையில் மீன் வந்ததும் மற்றதை விட்டுவிட்டார்.

சேதி அவர் வீடு வந்து சேருமுன் ஊர் சுற்றிவிட்டது. மனைவி கிரேசி வாசலிலேயே நின்றாள்.

“எல்லாருக்க வீட்டுலயும் போயி ஞானம் சொன்னீங்களே, உங்களுக்கு இன்னும் பூசவேயில்லியாமே?”

“சும்மா இரு கிரேசி.”

“நான் இருக்கேன். ஊரு இருக்காதே. எண்ணெ தடவாத சப்பாத்திக்கிட்டயா இத்தன காலம் உபதேசம் கேட்டோம்னு குழாயடியில பேசுதாளுவ.”

மத்தியாஸ் அறைக்குள் போய் உட்கார்ந்தார். அன்று மாலைக்குள் பாதி ஊர் வந்து போனது. வந்தவர்கள் எல்லாரும் வருத்தமான முகத்தோடு ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். ஆட்டுக்காரி அதை இரண்டு தடவை சொன்னாள். அந்த வாக்கியத்தை வாங்கிக்கொள்கிற இடத்தில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. பசித்தவன் இலையில் கல்யாணப் பத்திரிகையை வைத்ததுபோல இருந்தது. மரியஜான் கோட்டாற்றிலிருந்து போன் செய்தார். “வெசனப்படாதீங்க சம்பந்தி. நான் ஒரு சட்டை தைச்சு வச்சிருக்கேன், எதுக்கும்” என்றார்.

மத்தியாஸ் விடுகிற ஆள் இல்லை. மறுநாள் காலையிலேயே சாமியார் வீட்டுத் திண்டில் போய் உட்கார்ந்துவிட்டார். ஆயர் இந்தப் பக்கம் வர இன்னும் மாதக்கணக்கு ஆகும். சாமியார் மனமிரங்கி, கோட்டாறு போய் ஆயரிடம் கேட்டு, இந்த ஒரு ஆளுக்குத் தாமே பூச அனுமதி வாங்கி வந்தார்.

“ஆனா ஐயா, வகுப்புக்கு வரணும். கேள்வி கேப்பாங்க, பதில் சொல்லணும். சலுகை கிடையாது.”

“நம்ம ஊர்க்காரன்தான ஃபாதர், கொஞ்சம்...”

“உறுதிபூசுதலுக்கு யாருக்கும் சலுகை கூடாதுன்னு பங்குப் பேரவையில ஒருத்தர் எழுந்து பேசித் தீர்மானம் போட்டிருக்கு. துணைத் தலைவரு.”

துணைத் தலைவர் மத்தியாஸ்தான்.

அப்படியாக, தலை நரைத்த மத்தியாஸ் மறைக்கல்வி வகுப்பில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு, முழங்கால் இடிக்கும் பெஞ்சில் உட்கார்ந்தார். பாடம் நடத்தியவள் ரெஜிஷா. நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவள். ஒரு வருடம் முன்பு கல்யாணம் நின்றுபோனது இவளுக்குத்தான். மத்தியாஸ் அதை நினைத்துக் கடைசி பெஞ்சுக்குப் போகப் பார்த்தார்.

“முன்னாடி இருங்க அங்கிள். பின்னால இருந்தா கேக்காது.”

ஜெபங்களை எல்லாம் அவர் தடையில்லாமல் சொன்னார். பிள்ளைகள் மரியாதையாகப் பார்த்தார்கள். பிறகு ரெஜிஷா கேட்டாள்: “கடவுள் உங்களை எதுக்குப் படைச்சாரு? புத்தகத்துல உள்ளது வேண்டாம். உங்களுக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லுங்க.”

ஒருத்தி நர்ஸ் ஆக என்றாள். ஒருவன் பந்து விளையாட என்றான். மத்தியாசின் முறை வந்தது. எழுந்து நின்று தொண்டையைச் சரிசெய்துகொண்டார். இது அவருடைய சொந்தப் பாடம் அல்லவா.

“ஒவ்வொரு மனுசனுக்கும் ஆண்டவரு...”

“அது மத்தவங்களுக்கு அங்கிள். உங்களுக்கு?”

அவர் சுவரைப் பார்த்தார். பஸ்ஸில் கிடைத்த அந்தப் பெரிய காரியம், சொல்லத் தயாராக நாக்கின் நுனியில்தான் இருந்தது. இந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை. உள்ளே துழாவிப் பார்த்தார். ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது.

“எனக்கு... வாவையத் தூக்கணும் பிள்ளே.”

பிள்ளைகள் சிரித்தார்கள். ரெஜிஷா சிரிக்கவில்லை. “செரி, இருங்க அங்கிள்” என்றாள். தேறிவிட்டார் என்று அதற்குப் பொருள்.

இனி ஒன்றுதான் பாக்கி என்றார் சாமியார். பூசும்போது பின்னால் நின்று வலது தோளில் கைவைக்க ஒரு ஆள் வேண்டும். தலைதொட்டப்பனாக ஆசைப்பட்டவருக்கு முதலில் ஒரு தலைதொட்டப்பன் தேவை. அந்த ஊரில், தொடுகிறவர் தொடப்படுகிறவரைவிட மூத்தவராக இருக்க வேண்டும். மத்தியாசைவிட மூத்த ஆண்கள் ஊரில் எத்தனை பேர்? ஒருவர் மும்பையில் மகள் வீட்டில். ஒருவர் படுக்கையில். இன்னொருவர் காலையிலேயே குடித்துவிடுவார், பூசைக்குள் விழுந்துவிட்டால் இருவருமாய்ச் சேர்ந்து விழ வேண்டியதுதான். மற்றவர்கள் கல்லறைத் தோட்டத்தில்.

மிச்சம் செல்வதாஸ்.

மத்தியாஸ் இரண்டு நாள், செல்வதாஸ் வலை முடியும் வலைக்கூடத்தின் பக்கமாக நடந்து நடந்து திரும்பினார். அவரை வாசலில் நிறுத்திச் சொன்னாள் கிரேசி: “இன்னும் ரெண்டு நடை நடந்தா மரியஜான் அண்ணன் தூக்கிருவாரு பிள்ளைய. போயிக் கேளுங்க.”

போனார். செல்வதாஸ் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து வலை முடிந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

“தாசண்ணே.”

ஊசி போய் வந்தது.

“தாசண்ணே, ஒரு காரியம்.”

“திட்டம் கிட்டம் வல்லதும் கொண்டு வந்தியா?”

“இல்லண்ணே. இந்தத் தடவை கேக்க வந்தேன்.”

“கேட்டாச்சு. ஊரே சொல்லிச் சிரிக்குது.” செல்வதாஸ் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “பேத்தியத் தூக்கணும்னா நீ மொதல்ல எனக்குப் பிள்ளையாவணும். அப்படித்தான?”

“அப்படித்தான்.”

“எந்தக் கைய வைக்கணுமாம்?”

“வலது.”

செல்வதாஸ் ஊசியைக் கீழே வைத்துவிட்டு வலது கையைத் தூக்கிக் காட்டினார். அது நெஞ்சு உயரம் வந்து நின்றுவிட்டது. “இதுக்கு மேல வராது.”

“எப்பமிருந்து?”

“எஞ்சினு தூக்கின அன்னையிலிருந்து.”

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். மத்தியாசின் வாயில், இத்தனை வருடப் பழக்கத்தில், அந்த வாக்கியம் தானாகவே புறப்பட்டுப் பல்வரை வந்துவிட்டது. அவர் வாயை மூடிக்கொண்டார். மூடிக்கொண்டு நிற்பது அத்தனை கஷ்டமாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

“நான் அன்னைக்கு...” என்று தொடங்கினார்.

“விடு. நீ நெட்டையன். முட்டு குத்தினா எனக்க கை எட்டும். குத்துவியா?”

“குத்துறேன்ணே.”

“செரி. வேட்டி அழுக்காவும், பாத்துக்க.”

சனிக்கிழமை மாலைப் பூசைக்குத் திருவிழாவுக்குக்கூட வராதவர்களும் வந்திருந்தார்கள். எண்ணெய் பூசும் நேரம் வந்ததும் மத்தியாஸ் போய், பீடத்துக்கு முன்னால், வெறும் தரையில் முழந்தாளிட்டார். நின்றால் போதும் என்று சாமியார் கையைக் காட்டினார். மத்தியாஸ் எழுந்திருக்கவில்லை. பெண்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. ஆட்டுக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்து, “எம்புட்டுத் தாழ்ச்சி, பாருங்களேன்” என்று பக்கத்தில் சொன்னது அவர் காதிலும் விழுந்தது. சாமியாருக்கே கண் கலங்கிவிட்டது. திரும்பி நின்று எல்லாரிடமும், ஐயா அது அப்படி இல்லை என்று விளக்கம் சொல்ல மத்தியாசுக்கு ஆசையாக இருந்தது. எண்ணெய் பூசும் நேரத்தில் பேசக்கூடாது.

தோளில் செல்வதாசின் கை வந்து உட்கார்ந்தது. கனத்த கை. வலைவாடை அடித்தது. உயர வராத அந்தக் கை தன் பாரத்தையெல்லாம் தோளில் இறக்கி வைத்தது. நெற்றியில் எண்ணெய் பட்டது. எல்லாம் முடிந்த பிறகும் கை அங்கேயே இருந்தது.

“பாரமா இருக்கா? எடுக்கட்டா?” என்று காதருகே கேட்டார் செல்வதாஸ்.

“இருக்கட்டும்ணே.”

மறுநாள் ஞானஸ்நானம். மரியஜான் புதுச்சட்டையோடு வந்துவிட்டார். “நான் ஒரு ஓரமா நிக்கேன் சம்பந்தி. ஏதும் தடங்கலு வந்தா...” என்றவரை கிரேசி மெழுகுவர்த்தி பிடிக்க அனுப்பினாள். சிந்தியா பிள்ளையைக் கொண்டுவந்து மாமனாரின் கையில் வைத்தாள். பஞ்சு மூட்டைபோல ஒரு கனம். சாமியார் கேட்டதற்கெல்லாம் மத்தியாஸ் பதில் சொன்னார். சாத்தானை ‘விட்டுவிடுகிறேன்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டார், பிள்ளை திடுக்கிட்டது. ஆனால் தலையில் தண்ணீர் விழுந்தபோது அவள் அழவில்லை. அவரைப் பார்த்தபடியே வாயைப் பெரிதாகத் திறந்து கொட்டாவி விட்டாள். படம் எடுக்க இருந்த ஒரே ஆளுக்கு இரண்டு கையும் வேலையாக இருந்தது.

கோயில் மண்டபத்தில் சாப்பாடு. கடைசிப் பந்திவரை ஓடிக்கொண்டிருந்தது. மத்தியாஸ் ஒரு நாற்காலியில் பிள்ளையோடு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. யார் கேட்டும் கொடுக்கவில்லை. மரியஜான் கேட்டதற்கு, “இப்பத்தான் உறங்குது சம்பந்தி” என்றார். கிரேசி வந்து, “பிள்ளையத் தாங்க, போயி ரெண்டு வாய் தின்னுட்டு வாங்க” என்றாள். “பசியில்ல” என்றார். முந்தின இரவிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. இரண்டு நாளில் விமானம். திருவனந்தபுரத்திலிருந்து விடியற்காலையில் கிளம்புகிறது என்பது அவருக்குத் தெரியும். அதைப் பற்றி யாரும் பேசாமல் இருந்தால் நல்லது என்று பிள்ளையின் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு தட்டு அவருக்கு முன்னால் வந்தது. சோறும் ஆட்டுக்கறியும். செல்வதாஸ் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு, ஒரு உருண்டை பிடித்தார்.

“வாயத் தெற.”

“அண்ணே, ஆளுவ பாக்காங்க.”

“பாக்கட்டும். நேத்து சாமியாரு எங்கிட்டயும்தான கேட்டாரு, இவனைப் பாத்துக்கிடுவியான்னு. தெற.”

மத்தியாஸ் சுற்றிலும் பார்த்தார். கை இரண்டிலும் வாவை. வாயைத் திறந்தார். முதல் உருண்டை இறங்குமுன் இரண்டாவது வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, சிந்தியாவின் ஊரிலிருந்து வந்த ஒரு அம்மா குனிந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்து, “கொச்சுக்கு என்ன பேரு வச்சிருக்கு?” என்று மத்தியாசிடம் கேட்டாள்.

கன்னம் இரண்டும் உப்பியிருக்க, அவர் சோற்றை மென்றுகொண்டே தலையை மட்டும் ஆட்டினார்.

“ஜோஸ்லின்” என்றார் செல்வதாஸ், மூன்றாவது உருண்டையைப் பிடித்தபடி. “ஜோஸ்லின் கிரேசி.”

“நல்ல பேரு” என்றாள் அந்த அம்மா.

மத்தியாஸ் மறுபடி வாயைத் திறந்தார், பேச அல்ல.